துவக்கை விற்ற கடிதம்

அப்பாவின் துவக்கை விற்றது நான்தான். கடிதத்தின் கீழே இருப்பது அவருடைய கையெழுத்து. அந்தத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்ததும் அவர்தான். ஆனாலும் விற்றது நான். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அந்தக் கடிதத்தில் ஒன்றை எழுதினேன். அவருக்கு வேறொன்றை வாசித்துக் காட்டினேன்.

மாவட்டச் செயலகமான கச்சேரியின் கந்தோர்க்காரர் துவக்கைப் பறித்துவிட்டார்கள் என்றுதான் ஊரில் எல்லோரும் இன்றைக்கும் நம்புகிறார்கள். அப்படி நம்ப வைத்ததும் நான்தான்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், நாரந்தனையில், மேற்குக் கரையோரம். தோட்டம் முடிய ஒரு பனங்கூடல், அதற்கு அப்பால் கடல். வெளிச்சமான நாளில் அனலைதீவின் பனைகள் ஒரு கோடாகத் தெரியும். அப்பாவும் அம்மாவும் ஏழெட்டு வயதிலேயே தோட்டத்தில் இறங்கியவர்கள். நான் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது அப்பாவுக்குக் கையெழுத்து வைக்கப் பழக்கினேன். அவர் பெயரை எழுதவில்லை, வரைந்தார். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சின்னக் கன்றுக்குட்டி போல நிற்கும். அதற்குப் பிறகு எங்கேயும் அவர் பெருவிரலில் மை பூசவில்லை.

போர் முடிந்து சில வருடங்களில், பயிர்ப் பாதுகாப்புக்குத் துவக்கு வைத்திருக்க அனுமதி கேட்கலாம் என்று கிராம அலுவலரான விதானையார் சொன்னார். குரக்கன், சாமைக் கதிர்களைக் கிளியும் காகமும் அள்ளிக்கொண்டிருந்த காலம். அப்பா கேட்டார். ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தார். கடைசியில் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் அப்படிக் கிடைத்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நீட்டியே இளமை கழிந்த மனிதர் அவர். அந்த அனுமதிப்பத்திரத்தைப் பொலித்தீன் பைக்குள் வைத்து, பார்க்கிற எல்லோரிடமும் காட்டினார்.

"அரசாங்கம் என்னை நம்பித் துவக்குத் தந்திருக்கு."

"அவை தந்தது கடதாசி. துவக்கு வந்தது என்ரை சங்கிலியிலை" என்பா அம்மா.

ஒற்றைக் குழல் துவக்கு. பழையது. தோளில் வைக்கும் கட்டையில் ஒரு வெடிப்பு இருந்தது. அதைச் செப்புக் கம்பியால் சுற்றியிருந்தார். அம்மாவின் பழைய சேலையில் சுருட்டி அலுமாரிக்குள் பூட்டி வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துத் தையல் மெசின் எண்ணெய் போட்டுத் துடைப்பார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பெரிதாகக் கதைக்கக் கூடாது.

கிளிகளுக்கு அந்தத் துவக்கினால் பெரிய இடைஞ்சல் இருக்கவில்லை. அவற்றை விரட்ட அம்மா தகரம் தட்டினாலே போதும். அப்பா தோட்டாக்களை வேறொரு வேலைக்குச் சேமித்து வைத்தார்.

அனலைதீவில் அப்பாவின் நண்பர் ஒருவர் இருந்தார். இருவரும் அகதி முகாமில் ஒரே பாயில் படுத்தவர்கள். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். விடியலில் தன் வள்ளத்தில் மீன் கொண்டு எங்கள் கரைக்கு வருவார். எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் சந்தைக்குப் போவார். தை, மாசியில் பனிமூட்டம் கடலை மூடிவிடும். அந்த நாட்களில் அப்பா கரையில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார். ஒன்றே ஒன்று. மாமா எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். வெடி வந்த பக்கம் வள்ளத்தைத் திருப்புவார். முதல் தடவை நேவிக் காம்பிலிருந்து ஓடி வந்தார்கள். விதானையார் விளங்கப்படுத்தினார். பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது. மற்ற வள்ளக்காரரும் அந்த வெடியை எதிர்பார்க்கத் தொடங்கினார்கள்.

"எனக்கு வைக்கிறதிலை ஒண்டைக் கிளிக்கும் வையன் மச்சான். லைசென்ஸ் அதுக்குத்தானே தந்தவை" என்று மாமா சீண்டுவார்.

"கிளி கரை மாறிப் போகாது. நீதான் போவாய்."

நான் பல்கலைக்கழகக் கம்பஸில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நாட்டில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. மறுபடியும் வீடு வீடாகச் சோதனை வந்தது. எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அப்பா தானே அலுமாரியைத் திறந்து துவக்கை எடுத்து நிலத்தில் வைத்தார். பொலித்தீன் பையிலிருந்து அனுமதிப்பத்திரத்தை உருவி இரண்டு கையாலும் நீட்டினார். தலைகீழாக நீட்டினார். நேவிக்காரர்களில் இளையவன் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். பிறகு, அவன் கடதாசியைத் தன் கையால் நேராகத் திருப்பிப் பிடித்து வாசித்தான். எல்லாம் சரியாக இருந்தது. போய்விட்டார்கள்.

அம்மா பயந்துபோய் இருந்தா. நானும் பயந்ததாகத்தான் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயம் வரவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கம்பஸில் என் வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள் நான். என் அப்பாவைப் பார்த்து இனி ஒருவனும் அப்படிச் சிரிக்கக் கூடாது. அந்தத் துவக்கு வீட்டில் இருக்கும்வரைக்கும் வருகிறவன் கடதாசி கேட்பான்; அப்பா நீட்டுவார். இதுதான் என் கணக்கு.

வருட முடிவில் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். படிவத்தை நிரப்புவது எப்போதும் நான்தான். அந்த வருடம் படிவத்தோடு வந்த சாதாரண அறிவித்தலைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் இருந்தேன்.

"என்னவாம்?"

"இந்த முறை தீவுப் பக்கம் புதுப்பிக்க மாட்டினமாம் அப்பா. கச்சேரியிலை ஒப்படைக்கட்டாம். இல்லாட்டி லைசென்ஸ் உள்ள வேறை ஆருக்கும் மாத்திக் குடுக்கலாமாம்."

"ஏனாம்?"

"காரணம் போடேல்லை."

அவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாதவர்கள் ஒரு தாளைப் பார்ப்பதற்கு ஒரு விதம் உண்டு. அவர்கள் எழுத்தைப் பார்ப்பதில்லை, கொடுத்தவரின் முகத்தைப் பார்ப்பார்கள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பித் தந்தார்.

"கச்சேரிக் களஞ்சியத்திலை கிடந்தா கறள் பிடிச்சுப் போம். ஆருக்கும் குடுப்பம்."

பூநகரியில் வயல் செய்கிற ஒருவர் கிடைத்தார். அவருக்குப் பன்றித் தொல்லை. துவக்குக்கு அனுமதி இருந்தது, துவக்கு இருக்கவில்லை. நான் கடிதம் எழுதினேன். எனக்கு வயதாகிவிட்டது, கண்பார்வை மங்கிவிட்டது, துவக்கைப் பராமரிக்க இயலவில்லை, ஆகவே என் சொந்த விருப்பத்தின் பேரில் இவருக்குக் கைமாற்றுகிறேன் என்று அப்பாவின் சார்பில் எழுதினேன். அவருக்கு வாசித்துக் காட்டும்போது, கச்சேரியின் அறிவித்தலுக்கு அமையக் கைமாற்றுகிறேன் என்று வாசித்தேன். தாளில் கண்ணை வைத்துக்கொண்டு, தாளில் இல்லாத வசனத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தேன். நல்ல தமிழில் வாசித்தேன். அவர் தன் கன்றுக்குட்டிகளைக் கீழே ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

கச்சேரியில் அதிகாரி கேட்டார்: "விருப்பத்தோடதானே ஐயா குடுக்கிறியள்?"

அப்பா என்னைப் பார்த்தார். "ஓம் ஐயா. வேறை என்ன செய்யிறது."

வெளியே மரநிழலில் வைத்துப் பூநகரிக்காரருக்கு ஒரு மணித்தியாலம் சொல்லிக்கொடுத்தார். கட்டையை வெயிலில் வைக்க வேண்டாம், கம்பி தளர்ந்தால் செப்புத்தான் போட வேண்டும், இரும்புக் கம்பி போட்டால் கை கிழிக்கும். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வரும்போது பஸ்ஸில் அப்பா சொன்னது ஒன்றுதான்: "நல்ல மனுசன். நல்லா வைச்சிருப்பார்."

அது நடந்து இரண்டு மாதத்துக்குள் தை பிறந்தது.

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தேன். விடிந்து வெளிச்சம் வந்தும் பனங்கூடல் தெரியவில்லை. அப்படி ஒரு மூட்டம். அப்பா வழக்கம்போல் கரைக்குப் போயிருந்தார், வெறுங்கையோடு. நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். அம்மாவின் போன் என்னிடம் இருந்தது. அது அடித்தது. மாமா.

சத்தமாகப் போட்டுப் பிடித்தேன்.

"மச்சான், கரை தெரியேல்லை. தண்ணி வேறை நிறமாக் கிடக்கு. ஒரு வெடி வை."

அப்பா என் கையிலிருந்த போனைக் குனிந்து பார்த்தபடி நின்றார். "துவக்கு இல்லையடாப்பா."

எஞ்சின் சத்தத்துக்கு மேலால் மாமா சிரித்தார். "ஓ, மறந்து போனன். சரி, அப்ப ஒரு பாட்டுப் படி."

"எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுக் கேள். நாங்கள் தட்டுறம்."

தோட்டத்தில் ஒரு வெறும் எண்ணெய்ப் பீப்பா கிடந்தது. அதைக் கரைக்கு உருட்டி வந்தேன். இரும்பு அலவாங்கால் அடித்தேன். அப்பா கூவினார். அம்மா கோயிலுக்கு ஓடிச் சொல்ல, ஐயர் மணியை அடிக்கத் தொடங்கினார்.

"கேக்குதோ?" என்று அப்பா போனில் கத்தினார்.

"கேக்குது. எல்லாப் பக்கத்தாலையும் கேக்குது."

"எந்தப் பக்கம் பலமாக் கேக்குது?"

"அதுதான் பிடிபடேல்லை மச்சான். மணியும் கேக்குது. எல்லாம் சுத்திச் சுத்தி வருது."

பிறகு தொடர்பு அறுந்தது. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறி மூட்டம் கலைந்தபோது கடல் வெளிச்சமாக, வெறுமையாகக் கிடந்தது.

மூன்றாம் நாள் நயினாதீவுக்கு அங்காலே ஒரு பாறைத்திட்டில் வள்ளத்தைக் கண்டார்கள். அடுத்த நாள் மாமாவைக் கண்டார்கள். வள்ளத்தை இழுத்து வந்தவர்கள் எண்ணெய்த் தாங்கியைத் தட்டிக் காட்டினார்கள். ஒரு சொட்டு இல்லை. கரையைத் தேடிச் சுற்றிச் சுற்றியே முடிந்திருக்கிறது என்றார்கள்.

அப்பா யாரைக் கண்டாலும் ஒன்றையே சொன்னார். "வெடி எண்டா ஒருக்காத்தான் கேக்கும். வந்த பக்கம் காதிலை நிக்கும். கந்தோர்க்காரர் அந்தத் துவக்கைப் பறிக்காட்டி அவன் தேத்தண்ணி குடிச்சுப்போட்டுப் போயிருப்பான்." கேட்டவர்கள் கந்தோர்க்காரரைத் திட்டினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அனலைதீவுக்குப் போனோம். மாமி என்னை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனா. பத்தாம் வகுப்பு வரை படித்தவ, அவசரமில்லாமல் கதைப்பா.

"நீர் கம்பஸிலை படிக்கிற பிள்ளை. எனக்கு ஒரு உதவி செய்வீரோ?"

"சொல்லுங்கோ மாமி."

"கச்சேரிக்கு ஒரு கடிதம் எழுதும். என்ரை மனுசன் போன மாதிரி இன்னொருத்தன் போகக் கூடாது. அந்தத் துவக்கை உங்கட அப்பாட்டைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி எழுதும். நான் எழுதினா அழுகையா வரும். நீர் எழுதினாத்தான் அவையளுக்கு உறைக்கும்."

அங்கேயே எழுதினேன். அறிவித்தலைத் திரும்பப் பெறுமாறு வேண்டுகிறேன் என்று, இல்லாத அறிவித்தலுக்கு எதிராக ஒரு பக்கம் எழுதினேன். மாமி ஆற அமர வாசித்தா. "நல்லா எழுதியிருக்கிறீர்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தா.

அந்தக் கடிதம் என் விரிவுரைக் குறிப்புகளுக்கு இடையில் வருடக்கணக்காக இருந்தது. மாமி போன் எடுத்து இரண்டு தரம் கேட்டா. "பாக்கினமாம் மாமி" என்று சொன்னேன். மூன்றாம் தரம் அவ கேட்கவில்லை.

பனிக்காலத்தில் எனக்குச் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. வெடிச் சத்தம் இல்லை. வெடி கேட்க வேண்டிய நேரத்தில் ஒரு அமைதி வரும். அது காதுக்குள் அடைக்கும். யாழ்ப்பாணத்து விடுதி அறையில், கடல் தெரியாத இடத்தில் இருந்தும் அந்த நேரத்துக்குக் கண் விழித்துவிடும். யாரோ எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது போல இருக்கும். எழுந்து மேசையில் இருந்து படிப்பேன். அந்த வருடங்களில் எனக்கு நல்ல புள்ளிகள் வந்தன. வீட்டில் அப்பா மூட்டமான ஒவ்வொரு விடியலும் கரைக்குப் போய் நின்றார். கையில் ஒன்றும் இல்லாமல், போகும்போது துவக்குப் பிடிக்கிற தோளைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு போனார் என்று அம்மா சொன்னா. நானும் ஒரு முறை பார்த்தேன். பிறகு பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

பட்டம் முடித்து, தீவிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வந்த வருடம் பூநகரிக்காரர் அப்பாவுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, எனக்குக் காலுக்கு ஏலாது. பன்றிக் காவலுக்குப் போறதில்லை. உங்கட சாமானை நீங்களே எடுங்கோவன்."

"கந்தோர்க்காரர் விடாயினம்."

"ஏன் விடாயினம்? நான் கேட்டனான். நீங்கள் லைசென்ஸுக்குத் திரும்ப எழுதினாச் சரியாம்."

அப்பா போனை வைத்துவிட்டு முற்றத்தில் இரண்டு தரம் நடந்தார். மாமா செத்ததற்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. "நீ எழுது பிள்ளை" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். நான் எழுதினேன்.

கச்சேரியில் ஒரு இளம் பெண் அதிகாரி இருந்தா. பழைய கடிதக் கோவையை எடுத்து விரித்தா. என் கையெழுத்தை நான் தலைகீழாகவே அடையாளம் கண்டேன்.

"ஐயா, இதிலை நீங்களே விருப்பப்பட்டுக் குடுத்ததா எழுதியிருக்கு. வயசு போட்டுது, கண் பார்வை மங்கீட்டுது, பராமரிக்க ஏலாது எண்டு. இப்ப ஏன் திருப்பிக் கேக்கிறியள்?"

"கச்சேரியாலை அறிவித்தல் வந்ததே பிள்ளை? தீவுக்குப் புதுப்பிக்க மாட்டம் எண்டு?"

"அப்பிடி ஒரு நாளும் வரேல்லையே ஐயா. அந்த வருசமும் தீவாக்கள் புதுப்பிச்சவை."

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. மேசையில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அது நான் அறியாத சிரிப்பு.

"ஓம் பிள்ளை, வயசு போனா இப்பிடித்தான் குழம்பும். அப்ப கண் கொஞ்சம் மங்கலாத்தான் இருந்தது. இப்ப பரவாயில்லை."

"அப்ப கண் பரிசோதிச்சு ஒரு மருத்துவச் சான்றிதழ் கொண்டு வாங்கோ."

அப்பா எனக்காக ஒரு அரசாங்க மேசையின் முன்னால் பொய் சொன்னார். நான் அறிந்து அது அவர் சொன்ன முதல் பொய்.

பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியபோதுதான் வாய் திறந்தார்.

"அண்டைக்கு நீ வாசிச்சது அந்தக் கடிதம் இல்லை."

"இல்லை அப்பா."

"கண் மங்கல் எண்டு எழுதியிருக்கிறாய்."

"ஓம்."

"ஏன்?"

பயந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. அதையும் சொன்னால் பிறகு சொல்வதற்கு ஒன்றும் இருக்காது என்று தோன்றியது. "செக்கிங் வந்த நேரம் நீங்கள் லைசென்ஸைத் தலைகீழாப் பிடிச்சனீங்கள். அவங்கள் சிரிச்சவங்கள். எனக்கு வெக்கமாப் போச்சுது அப்பா."

அவர் கடலைப் பார்த்தார். இரண்டு பக்கமும் கடல்தான்.

"தலைகீழ் எண்டு எனக்கு அப்பவே தெரியும். முத்திரை எந்தப் பக்கம் வரும் எண்டு தெரியாதே எனக்கு? எத்தினை தரம் எடுத்துப் பாத்த கடதாசி. கை நடுங்கினது. திருப்பப் போனா நடுக்கம் தெரியும். அதுதான் அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை எல்லாம் போயின. இறங்கும்போது சொன்னார்: "மாமிக்கு இப்ப சொல்லாதை. அவளை இன்னொருக்கா முதல்லையிருந்து அழ வைக்காதை."

கண் பரிசோதனைக்கு என்னோடுதான் வந்தார். எழுத்துப் பலகைக்குப் பதிலாக, கை நீட்டியது போன்ற அடையாளங்கள் உள்ள பலகையைத் தொங்கவிட்டார்கள். எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று காட்ட வேண்டும். அப்பா கடைசி வரி வரைக்கும் பிழையில்லாமல் காட்டினார். டொக்டர் இன்னொரு தரம் கேட்டார்.

"ஐயா, அந்தப் பலகைக்கு மேலை ஒரு பல்லி நிக்குது. அது எந்தப் பக்கம் பாக்குது எண்டும் சொல்லவோ?"

டொக்டர் சிரித்துவிட்டார். தாதியும் சிரித்தா. அப்பாவும் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஆவணியில் துவக்கு வீட்டுக்கு வந்தது. பூநகரிக்காரர் சொன்னபடி நன்றாகத்தான் வைத்திருந்தார். செப்புக் கம்பி புதிதாகச் சுற்றப்பட்டிருந்தது. அடுத்த தையில் முதல் மூட்டம் விழுந்த அன்று அப்பா கரையில் வெடி வைத்தார். நான் வீட்டுக்குள் நின்று கேட்டேன். பனங்கூடலில் காகம் கலைந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு வள்ளங்கள் வந்து சேர்ந்தன, யாரோ எனக்குத் தெரியாத ஆட்கள். அப்பாவுக்குக் கை காட்டிவிட்டுப் போனார்கள். அப்பா அதற்குப் பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றார். இன்னும் ஒருவர் வரவேண்டி இருப்பது போல நின்றார். துவக்கு வந்தால் எனக்குக் காது திறக்கும் என்று நினைத்திருந்தேன். வெடிக்குப் பிறகு வந்த அமைதி முன்னையதைவிட நீளமாக இருந்தது.

அந்த வருட முடிவில் புதுப்பிக்கும் படிவம் வந்தது. அது என்னிடம் வரவில்லை. மேசையில் தேடினேன். அலுமாரிக்கு மேலே பார்த்தேன். அம்மாவைக் கேட்டேன்.

"உன்ரை கொப்பர் கோயிலடிக்குக் கொண்டு போனவர்."

கோயிலடியில் ஐயரம்மாவைக் கண்டேன். ஐயரின் மனைவி, நிதானமான மனிசி. என்னைக் கண்டதும் முந்திக்கொண்டா.

"உம்மடை அப்பாவோட எனக்குப் பெரிய கரைச்சல் பிள்ளை. கரண்ட் பில்லும் கொண்டு வாறார், கமநலக் கந்தோர்க் கடிதமும் கொண்டு வாறார். ஒரு கடதாசியை இரண்டு தரம் வாசிக்க வேணுமாம். முதல் தரம் வாசிச்சதும் இரண்டாந் தரம் வாசிச்சதும் ஒண்டோ எண்டு கண்ணை மூடிக்கொண்டு கேக்கிறார். ஒரு சொல்லு மாறினாப் பிடிச்சுப்போடுவார்." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினா. "வீட்டிலை ரீச்சர் மகள் இருக்க என்னட்டை ஏன் வாறியள் எண்டு கேட்டனான். பிள்ளைக்கு வேலை அதிகம் எண்டவர்."

எனக்கு வேலை அதிகம் இல்லை. பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அப்பா என்னோடு கதைக்காமலும் இல்லை. மழையைப் பற்றி, மாட்டைப் பற்றி, என் கலியாணத்தைப் பற்றி எல்லாம் கதைக்கிறார். ஒரு தாளை மட்டும் என் கையில் தருவதில்லை. பெயர் எழுதிய எதுவும் எனக்கு முன்னால் மேசையில் கிடப்பதில்லை.

ஆகவே இதை எழுதினேன். எழுதி முடித்ததும் அப்பாவிடம் சொன்னேன்: "நடந்ததை எழுதியிருக்கிறன் அப்பா. வாசிச்சுக் காட்டவோ?"

அவர் கையை நீட்டித் தாள்களை வாங்கினார். எத்தனை தாள் என்று எண்ணினார். "நீ வாசிக்க வேண்டாம்" என்றார். ஷேர்ட்டைப் போட்டுக்கொண்டு கோயிலடிக்குப் போனார்.

இருட்டுவதற்கு முன் திரும்பி வந்தார். இரண்டு தரம் வாசிப்பித்திருப்பார். காலைக் கழுவினார், சாப்பிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இவ்வளவும் உள்ளது உள்ளபடிதான் கிடக்கு."

"ஓம் அப்பா."

"அப்ப இது அவளுக்குப் போக வேணும். வெள்ளிக்கிழமை வள்ளத்திலை கொண்டுபோறன்."

"நானும் வாறன்."

"வேண்டாம். நீ முன்னாலை இருந்தா அவள் உன்ரை முகத்தைப் பாத்துப் பாத்து வாசிப்பாள். தனிய வாசிக்கட்டும்."

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மாமியின் பழைய கடிதத்தையும் தாள்களோடு வைத்துக் கட்டிக் கொடுத்தேன். காலை வள்ளத்தில் போனவர் பின்னேர வள்ளத்தில் வருவதாகச் சொன்னார். நேரம் நாலு. அவர் போன பிறகு எழுதிய இந்தக் கடைசிப் பக்கத்தை ஐயரம்மா இன்னும் அவருக்கு வாசிக்கவில்லை.